ஹாங்காங்கில் எட்டு மணி நேரம்: ஒரு பஸ், ஒரு படகு, ஒரு டிராம்

அடுத்த விமானத்துக்கு எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று டிக்கெட்டில் பார்த்ததும் பலருக்கு முகம் சுண்டிவிடுகிறது. அந்த எட்டு மணி நேரம் ஹாங்காங்கில் என்றால் எனக்கு அது நல்ல செய்தி. ஆசியாவில் நாம் விமானம் மாறுகிற பெரிய ஊர்களில், கையில் நாலு மணி நேரத்தோடு வருகிறவருக்கு இவ்வளவு தாராளமாக இடம் கொடுக்கிற ஊர் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதற்குச் சுற்றுலாப் பட்டியலை மூடி வைக்க வேண்டும். விக்டோரியா பீக், டிஸ்னிலேண்ட், கடைத்தெரு, இரவுச் சந்தை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால், பார்ப்பது முழுக்க முன்னால் நிற்பவரின் முதுகைத்தான். 1888இல் ஓடத் தொடங்கிய பீக் டிராம் அருமையான வண்டி, சந்தேகமே இல்லை. கூட்டமான நாளில் அதன் வரிசை உங்கள் நேரத்தில் பாதியை விழுங்கிவிடும். மேலே போய்ச் சேரும்போது மலையை மேகம் மூடியிருக்கலாம். தங்கி ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு அது சரி. வழியில் இறங்கி ஏறுகிறவர்களுக்கு வேறு கணக்கு.

என் கட்சி இதுதான்: அந்த ஊர்க்காரர்கள் தினமும் வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வருகிற வண்டிகளில் ஏறி உட்காருங்கள். ஹாங்காங்கில் அது ஒரு மாடி பஸ், ஒரு படகு, ஒரு டிராம். மூன்றுக்கும் சேர்த்து 50 ஹாங்காங் டாலருக்குள் முடிந்துவிடும், நம் காசில் அறுநூறு ரூபாய்க்குள். எதற்கும் முன்பதிவு கிடையாது. எதையும் தவறவிட்டோம் என்ற பேச்சும் கிடையாது, அடுத்தது சில நிமிடங்களில் வந்துவிடும்.

முதலில் நேரக் கணக்கு. எட்டு மணி நேரம் என்று டிக்கெட் சொன்னாலும் கையில் வருவது எட்டு இல்லை. விமானத்தை விட்டு இறங்கி, நடந்து, குடிவரவு வரிசை தாண்டி வெளியே வர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த விமானம் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே விமான நிலையத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். ஹாங்காங் விமான நிலையம் பெரியது. சில வாயில்களுக்கு உள்ளேயே ரயில் ஏறித்தான் போக வேண்டும். ஆக ஐந்து மணி நேரம் மிச்சம். அதில் போக, வர ஒன்றரை மணி நேரம் போய்விடும் என்று எல்லாரும் கழித்துவிடுவார்கள். நான் கழிக்க மாட்டேன். போகிற வழியையே பயணத்தின் ஒரு பகுதியாக வைத்துக்கொண்டால் அந்த ஐந்து மணி நேரமும் உங்களுடையது.

கிளம்புவதற்கு முன் சில வேலைகள் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் முன்வருகைப் பதிவு செய்திருக்க வேண்டும். 2017 ஜனவரியில் வந்த விதி இது. கட்டணம் இல்லை; பதிவு ஆறு மாதம் செல்லும், ஒவ்வொரு முறையும் 14 நாள் வரை தங்கலாம். விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து அடுத்த விமானம் ஏறுகிறவருக்கு இது தேவையில்லை, வெளியே கால் வைக்கத் தேவை. அந்தப் பதிவுச் சீட்டை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விடும்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்த மாட்டார்கள், சின்னதாக ஒரு வெள்ளைத் துண்டுச்சீட்டு தருவார்கள். அதைக் கீழே போட்டுவிடாதீர்கள்.

பெட்டி கடைசி ஊர் வரைக்கும் நேராகப் போய்விடுமா என்று புறப்படும் ஊரிலேயே கவுன்டரில் கேட்டுவிடுங்கள். கைப்பெட்டியை விமான நிலையத்தின் பொருள் காப்பகத்தில் பணம் கட்டி விட்டுவிடலாம். தோளில் ஒரு சின்னப் பை மட்டும் போதும். டிராமின் மாடிப்படியைப் பார்த்த பிறகு இதற்காக எனக்கு நன்றி சொல்வீர்கள்.

வெளியே வந்ததும் ஆக்டோபஸ் கார்டு வாங்குங்கள். 1997இலிருந்து புழக்கத்தில் இருக்கும் அட்டை. பஸ், ரயில், படகு, டிராம், மூலைக்கடையில் தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றுக்கும் அதைத் தொட்டு எடுத்தால் போதும். 50 டாலர் வைப்புத்தொகை பிடிப்பார்கள், திரும்பும்போது கொடுத்துவிட்டு மிச்சத்தை வாங்கிக்கொள்ளலாம். பஸ்ஸிலும் டிராமிலும் பாக்கி சில்லறை தரும் பழக்கம் இல்லை. நாணயம் எண்ணிக்கொண்டு நிற்கிற நேரத்தை அட்டை மிச்சப்படுத்தும்.

இப்போது எல்லா வழிகாட்டிகளும் சொல்வதற்கு மாறாக ஒன்று சொல்கிறேன். ஊருக்குள் போக ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறாதீர்கள். 24 நிமிடத்தில் ஹாங்காங் நிலையத்தில் கொண்டுபோய் விடும் அந்த ரயிலைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது ஏ21 என்ற மாடி பஸ். நேரம் தாராளமாக இருக்கும்போது பஸ், நேரம் நெருக்கும்போது ரயில். பஸ் போக்குவரத்தில் மாட்டினால் ஊரில் பத்து நிமிடம் குறையும், அவ்வளவுதான். திரும்பும்போது மாட்டினால் விமானமே போய்விடும்.

ஏ21இல் மாடி ஏறி முன்வரிசை கிடைக்கிறதா பாருங்கள். விமான நிலையம் இருக்கும் செக் லாப் கொக், தீவுகளை வெட்டிச் சமன்செய்து கடலை நிரப்பி உண்டாக்கிய நிலம். 1998 ஜூலையில் அது திறந்த அதே கையோடு, நகரத்துக்கு நடுவிலிருந்த பழைய கை தாக் விமான நிலையம் மூடப்பட்டது. பஸ் கிளம்பிக் கடலோரமாக வளைந்து, சிங் மா பாலத்தில் ஏறும். 1997இல் திறந்த தொங்குபாலம். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 1,377 மீட்டர். மேலே நாம் போகும்போது பாலத்தின் வயிற்றுக்குள் ரயில் ஓடுகிறது. கீழே சரக்குக் கப்பல்கள், எதிரே பச்சை மலை, மலையடிவாரத்தில் ஊசி ஊசியாகக் குடியிருப்புக் கட்டடங்கள். ஹாங்காங் என்றதும் வெறும் கான்கிரீட்டை நினைத்துக்கொண்டு வருகிறவருக்கு முதல் ஆச்சரியம் இந்தப் பச்சைதான். ஊரின் பெரும்பகுதி இன்னும் மலையும் காடும்தான். கட்டடம் எல்லாம் மிச்சமிருக்கிற கொஞ்ச நிலத்தில் நெருக்கியடித்து நிற்கிறது.

பஸ் பிறகு நேதன் சாலையில் நுழைந்து மோங் கோக், யாவ் மா தெய் வழியாகத் தெற்கே இறங்கும். சிம் சா சுய் வந்ததும் இறங்கிவிடுங்கள். இடப்பக்கம் 17 மாடி சுங்கிங் மேன்ஷன்ஸ் நிற்கும். 1961இல் கட்டியது. நம் நாட்டவர், பாகிஸ்தானியர், நேபாளிகள், ஆப்பிரிக்க வியாபாரிகள் என்று ஓர் உலகமே அதன் தரைத்தளத்தில் பணம் மாற்றிக்கொண்டும் செல்போன் வாங்கிக்கொண்டும் சமோசா தின்றுகொண்டும் இருக்கும். கொஞ்சம் தள்ளி கவுலூன் மசூதி. பிரிட்டிஷ் இந்தியப் படையின் முஸ்லிம் சிப்பாய்களுக்காக 1896இல் எழுந்த பள்ளிவாசலின் இடத்தில் 1984இல் கட்டிய வெள்ளைப் பளிங்குக் கட்டடம் இப்போது இருக்கிறது. காயல்பட்டினத்திலிருந்து வந்து வியாபாரத்தில் ஊன்றிய குடும்பங்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. தெருவில் திடீரென்று தமிழ் காதில் விழுந்தால் திரும்பிப் பாருங்கள், பெரும்பாலும் சிரித்துவிட்டுத்தான் போவார்கள்.

நான் அங்கே அதிகம் நிற்பதில்லை. தெற்கே நேராக நடந்தால் கடல். கரையில் 44 மீட்டர் உயரத்தில் ஒரு செங்கல் மணிக்கூண்டு தனியாக நிற்கும். ஒரு காலத்தில் சீனாவுக்குப் போகும் ரயில் கிளம்பிய நிலையத்தின் மிச்சம் அது. நிலையம் 1975இல் வேறிடத்துக்குப் போனது, கட்டடத்தை இடித்தார்கள், கூண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே ஸ்டார் ஃபெர்ரி படகுத்துறை.

இந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், ஹாங்காங்கில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதற்குத்தான்.

இந்தப் படகுக்கு மூலகாரணம் ஒரு இந்தியர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. டோராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா, பம்பாயிலிருந்து போன பார்சி. 1852இல் கப்பலில் ஒளிந்து வந்து சேர்ந்தவர் என்று சொல்வார்கள். சமையல், பேக்கரி, ஹோட்டல் என்று வளர்ந்து, 1880இல் துறைமுகத்தின் இரு கரைக்கும் நடுவே நீராவிப் படகு விட ஆரம்பித்தார். 1888இல் அது கவுலூன் ஃபெர்ரி கம்பெனி ஆனது. பத்து வருடம் கழித்து அவர் விற்ற பிறகுதான் ஸ்டார் ஃபெர்ரி என்று பெயர் மாறியது. இன்றும் ஒவ்வொரு படகின் பெயரிலும் ஒரு நட்சத்திரம் உண்டு. மேலே வெள்ளை, கீழே பச்சை, எல்லாப் படகுக்கும் அதே வண்ணம்.

கட்டணம் மேல்தளத்துக்கே ஏழு டாலருக்குள்தான். அந்தக் கட்டணம் இவ்வளவு குறைவாக இருப்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1966இல் மேல்வகுப்புக் கட்டணத்தை 20 காசிலிருந்து 25 காசாக உயர்த்த ஃபெர்ரி கம்பெனி கிளம்பியது. ஏப்ரல் மாதம் சோ சாவ்-சுங் என்ற இளைஞர் படகுத்துறை வாசலில் தனியாளாக உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அவரைக் கைது செய்ததும், சிம் சா சுய் இருக்கும் இந்தக் கரையான கவுலூனின் தெருக்களில் கலவரம் வெடித்தது. ஒருவர் உயிரிழந்தார், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். ஐந்து காசுக்கு. கடலுக்கு அடியில் சாலை 1972இல்தான் வந்தது, ரயில் அதற்கும் பின்னால். அதுவரை இந்த ஊர் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வேலைக்குப் போனது படகில்தான் என்பதை நினைத்தால், அந்தக் கோபம் புரியும். 2006இல் மறுகரையிலிருந்த பழைய படகுத்துறையையும் அதன் மணிக்கூண்டையும் கடலை நிரப்பும் திட்டத்துக்காக இடித்தபோதும் மக்கள் தெருவில் நின்றார்கள்.

போன தடவை அம்மாவோடு போனேன். கலிஃபோர்னியாவிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிற வழி. அம்மாவுக்கு முழங்கால் வலி, ராத்திரி முழுக்க விமானத்தில் உட்கார்ந்திருந்த களைப்பு வேறு. படகுத்துறைச் சரிவில் மெதுவாக இறங்கினோம். படகு வந்து துறையின் மரத்தூண்களில் ஒரு முறை இடித்து முனகி நின்றது. நீலச் சட்டை மாலுமி ஒருவர் நீண்ட கம்பின் கொக்கியால், கரையிலிருந்தவர் எறிந்த வடத்தைப் பிடித்து இழுத்து முளையில் சுற்றினார். மணிக்கட்டு கனமிருக்கும் அந்த வடம். இறங்குபலகை சடாரென்று விழுந்தது. கூட்டம் இறங்கி முடிக்கும் முன்பே நாங்கள் ஏறிவிட்டோம்.

உள்ளே மரப்பெஞ்சுகள். சாய்மானப் பலகையில் சின்னச் சின்ன ஓட்டைகளால் நட்சத்திரம் போட்டிருப்பார்கள். அந்தச் சாய்மானம் நிலையாக இல்லை. பிடித்துத் தள்ளினால் மறுபக்கம் சாய்ந்துவிடும். இந்தப் படகுகளுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, திரும்பாமலே போய்வருபவை, அதனால் ஒவ்வொரு நடைக்கும் பயணிகளே தங்கள் இருக்கையைத் திருப்பிக்கொள்கிறார்கள். எங்களுக்கு முன்னால் வந்த பெரியவர் ஒருவர் ஒரே தட்டில் பலகையைப் புரட்டிவிட்டுச் செய்தித்தாளை விரித்தார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "இங்க பாருடி, இதுக்கு ஒரு மோட்டாரும் கிடையாது, ஒரு பட்டனும் கிடையாது" என்றாள். பிறகு அவளே ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

கடக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. டீசல் வாடை, உப்புக்காற்று, பக்கத்தில் கடந்துபோகிற இழுவைப்படகின் அலையில் ஒரு ஆட்டம். எதிர்க்கரையில் ஐ.எம். பெய் வடிவமைத்து 1990இல் முடிந்த பேங்க் ஆஃப் சீனா கோபுரம் முக்கோணம் முக்கோணமாக ஏறுகிறது. அதன் பின்னால் மலை. துறைமுகம் முன்பு இன்னும் அகலம். இரண்டு கரையிலும் கடலைத் தூர்த்துத் தூர்த்து இப்போது இடுங்கிவிட்டது. அடுத்த நடைக்கே திரும்பி வந்து மறுபடி போகலாம் போல இருக்கும். நேரம் இருந்தால் அப்படியே செய்யுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

மறுகரையிலிருக்கும் சென்ட்ரலில் இறங்கினால் நடைமேம்பாலங்கள் உங்களைச் சாலையில் இறக்காமலே ஊருக்குள் கொண்டுபோகும். டெ வூ சாலை வரை பத்து நிமிட நடை. நீங்கள் போகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அந்தப் பாலங்கள் வேறு இடமாக இருக்கும். ஹாங்காங் வீடுகளில் வேலை செய்யும் வெளிநாட்டுப் பெண்கள் மூன்று லட்சத்துக்கும் மேல், பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவைச் சேர்ந்தவர்கள். வேலை செய்யும் வீட்டிலேயேதான் அவர்கள் தங்க வேண்டும் என்பது சட்டம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அந்த ஒரு நாளில் போக வீடு இல்லாததால் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பாலத்தில் விரித்து உட்காருகிறார்கள். சாப்பாடு பகிர்ந்து, முடி பின்னி, ஊருக்கு வீடியோவில் பேசி, பார்சல் கட்டி, ஆடிப் பாடி, பொழுது சாயக் கிளம்புகிறார்கள். எச்எஸ்பிசி வங்கியின் ஹாங்காங் தலைமையகத்தின் அடியில் திறந்தவெளியாக விட்டிருக்கும் தரையிலும் அன்று அவர்கள்தான். படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது அவர்களுடைய வரவேற்பறை. இந்த ஊரின் கோபுரங்களையெல்லாம் துடைத்துப் பராமரிக்கிற உழைப்பு யாருடையது என்று தெரிந்துகொள்ள ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரலை விட நேர்மையான இடம் கிடையாது.

டெ வூ சாலையில் தண்டவாளம் தெரியும். 1904இலிருந்து ஓடும் டிராம். எல்லாமே மாடி வண்டி. பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் காசு. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், நாலு டாலருக்கும் குறைவு. நெற்றியில் "நார்த் பாயிண்ட்" என்று எழுதியிருக்கும் வண்டிக்காகக் காத்திருங்கள். இது முக்கியம். ஷாவ் கெய் வான் போகும் வண்டி நாம் பார்க்கப் போகிற மார்க்கெட் தெருவுக்குள் நுழையாது.

மாடிப்படி குறுகல், வளைந்து செங்குத்தாக ஏறும். "பார்த்து ஏறும்மா" என்றதற்கு அம்மா பதில் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, முன்னாலிருந்த இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் மூச்சு வாங்கினாள். பெரும்பாலான வண்டிகளில் ஏசி கிடையாது, ஜன்னலை இறக்கிவிட்டுக்கொள்ளலாம். முன்ஜன்னல் வழியாகத் தெரு முழுக்க நம் மடிக்கு வருகிறது. வங்கிகள், பழைய உச்ச நீதிமன்றக் கட்டடம், வான் சாயின் அடகுக்கடைகள், காஸ்வே பேயின் ஜனத்திரள். மூங்கிலில் சாரம் கட்டி, நைலான் பட்டையால் முடிந்து, கட்டடத்துக்குப் பக்கவாட்டில் ஆட்கள் நிற்பதையும் வழியில் பார்த்தோம். வண்டி வேகமாகப் போகாது. எதிரில் வருகிற டிராமின் மாடியில் இருப்பவர் கைநீட்டும் தூரத்தில் நம்மைக் கடந்து போவார்.

நார்த் பாயிண்டுக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வண்டி பெரிய சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பி சுன் யெவுங் தெருவுக்குள் நுழையும். தெருவின் இரு பக்கமும் காய்கறி, மீன், இறைச்சிக் கடைகள், நடுவே தண்டவாளம், தண்டவாளத்தின் மேல் ஜனங்கள். ஓட்டுநர் காலால் மணியை அழுத்துவார், டிங் டிங். யாரும் பதறுவதில்லை. தள்ளுவண்டி ஒரு சாண் நகரும், பாட்டி ஒருத்தி பையை இழுத்துக்கொள்வாள், டிராம் அந்த இடைவெளியில் ஊர்ந்து போகும், அது போனதும் தெரு மறுபடி மூடிக்கொள்ளும். மாடியிலிருந்து பார்த்தால் கடைகளின் சிவப்புப் பிளாஸ்டிக் விளக்குக் கூடுகள் கைக்கெட்டும் உயரத்தில் வரிசையாகப் போகின்றன.

அம்மாவுக்கு அங்கேதான் ஊர் பிடிபட்டது. இறங்கியதும் நேராகக் காய்கறிக் கடைக்குப் போனாள். பாகற்காய், வெளுப்பாக, முள் மழுங்கிப் பெரியதாக. பீர்க்கங்காய், நீளமாக. அடுக்கடுக்காகக் கீரை, ஒவ்வொன்றையும் தண்ணீர் தெளித்துப் புதிதாக வைத்திருந்தார்கள். கடைக்கார அம்மாள் ஒரு கட்டுக் கீரையை எடுத்து நீட்டினாள். அம்மா காம்பை நகத்தால் கிள்ளிப் பார்த்துத் தலையாட்டினாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. "இளசுதான்" என்று என்னிடம் சொன்னாள். விமானம் ஏறப் போகிறோம், கீரை வாங்க முடியாது என்று நான் சொன்னதும், மனமில்லாமல் இரண்டு ஆரஞ்சு வாங்கிக்கொண்டாள். அங்கேயே உரித்துத் தின்றோம்.

இந்த வட்டாரத்தில் ஃபுஜியான் மாகாணத்திலிருந்து வந்தவர்கள் அதிகம். அவர்கள் ஊர்ப் பண்டங்கள் இங்கே கடை கடையாகக் கிடைக்கும். அதே ஃபுஜியானின் சுவான்சோ துறைமுகத்தில்தான் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அங்கே ஒரு சிவன் கோயில் இருந்தது, நம் வணிகர்கள் எழுப்பியது. கல்வெட்டின் தமிழ் வரிகளுக்குக் கீழே சீன எழுத்து. குப்லாய் கானின் காலம் அது. தமிழ் வணிகரும் ஃபுஜியான் வணிகரும் முன்பே ஒரு சந்தையில் எதிரெதிரே நின்று பேரம் பேசியவர்கள்தான். இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்பவும் கீரையைக் கிள்ளித்தான் பார்த்திருப்பாங்க" என்றாள்.

மார்க்கெட்டைச் சுற்றி நடந்தால் ஏதாவது ஒரு சா சான் தெங் கண்ணில் படும். எல்லாத் தெருவிலும் உண்டு, இந்த ஊரின் டீக்கடையும் மெஸ்ஸும் சேர்ந்த இடம். பால் டீ சொல்லுங்கள். கறுப்புத் தேயிலையை நீளமான துணிப்பையில் போட்டு, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பத் திரும்ப ஊற்றி வடிப்பார்கள். நம் டீ மாஸ்டர் கையில் பார்த்த அதே துணிப்பை. பசும்பாலுக்குப் பதில் டின்னில் வரும் கெட்டிப்பால் சேர்ப்பதால் டீ கனமாக, கொஞ்சம் துவர்ப்பாக இருக்கும். மேசையைப் பகிர்ந்து உட்கார வைப்பார்கள், தயங்க வேண்டாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: பார்க்கச் சாதுவாக இருக்கும் முட்டைத் தார்ட்டின் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். வெண்ணெய் தடவிய ரொட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பசி அதிகமானால் சிம் சா சுய்யிலேயே இந்தியச் சாப்பாடு முடித்துவிட்டு வரலாம்.

இங்கிருந்து திரும்பும் வழியில் வேடிக்கைக்கு இடமில்லை. நார்த் பாயிண்ட் எம்டிஆர் (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி, ஐலண்ட் லைனில் சென்ட்ரல். அங்கிருந்து பூமிக்கடியிலேயே நடந்தால் ஹாங்காங் நிலையம், பிறகு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ். நூறு டாலருக்கு மேல் ஆகும், கொடுங்கள். அந்த 24 நிமிட நிச்சயத்துக்குத்தான் அந்தக் காசு. மார்க்கெட்டில் கிளம்பி ஒன்றே கால் மணி நேரத்தில் விமான நிலையத்துக்குள் இருக்கலாம்.

ஆறு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளி என்றால் நகரத்தை மறந்துவிடுங்கள். ஐந்தரை, ஆறு மணி நேரம் சரியாக இருந்து, பகலாகவும் இருந்தால் இன்னொரு வழி உண்டு. விமான நிலையத்துக்கு வெளியே எஸ்1 பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் துங் சுங். அங்கிருந்து 5.7 கிலோமீட்டர் கேபிள் கார், 25 நிமிடம், கடலும் விமான ஓடுதளமும் காலுக்குக் கீழே. மேலே 1993இல் முடித்த 34 மீட்டர் வெண்கல புத்தர், அவர் காலடிக்கு 268 படி. கேபிள் கார் பராமரிப்புக்காக அவ்வப்போது நிற்கும், முதலில் அதன் இணையதளத்தைப் பாருங்கள். நல்ல இடம்தான். ஆனால் இரண்டில் ஒன்று என்றால் நான் படகுப் பக்கம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னொரு விஷயம் பார்க்க வேண்டும். நம் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றுவதுபோல் இங்கேயும் எண் உண்டு: 1, 3, 8, 9, 10. எட்டு ஏறிவிட்டால் படகும் டிராமும் நின்றுவிடும், கடைகள் மூடும், எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மூன்றிலேயே எச்சரிக்கையாக இருங்கள். அன்று விமான நிலையத்தை விட்டு நகர வேண்டாம்.

மத்தியானம் இறங்கி ராத்திரி கிளம்புகிறவர்கள் இதே வழியைத் தலைகீழாக வைத்துக்கொள்ளலாம். ரயிலில் ஹாங்காங் நிலையம், டிராமில் நார்த் பாயிண்ட், மார்க்கெட் மூடுவதற்குள் ஒரு நடை, திரும்பி சென்ட்ரல், பொழுது சாயும் நேரத்தில் படகு. எட்டு மணிக்கு சிம் சா சுய் கரையில் நின்றால் எதிர்க்கரைக் கட்டடங்கள் எல்லாம் சேர்ந்து விளக்காட்டம் காட்டும். பிறகு டாக்சியில் கவுலூன் நிலையம். ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் அங்கேயும் நிற்கும். அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது எங்களுக்கு இப்படித்தான் மாலை நேர இடைவெளி வாய்த்திருக்கிறது. அம்மா இப்போதே சொல்லிவிட்டாள், இந்தத் தடவை ஊருக்கு வரப்போகிற விமானம்தானே, கீரைக்குக் கையில் ஒரு பை எடுத்துக்கொள் என்று. பச்சைக் கீரையை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.